தெரியாத ஊரை எழுதப் போகும்போது

கடல் பார்த்து வளராதவள் நான். கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரை வைத்து நாவல் எழுத ஆசைப்பட்டு நாற்பது பக்கம் எழுதினேன். இரவு, அலை, தனிமை. விளக்கில் பல வருஷம் வேலை பார்த்த பெரியவரிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டவர், "விடிஞ்சதும் திரையை யாரும்மா இழுத்து விட்டது?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். உள்ளே இருக்கும் சின்ன விளக்கின் ஒளியைக் குவித்துத் தொலைதூரத்துக்கு அனுப்புவது அதைச் சுற்றியிருக்கும் லென்ஸ். 1822இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனல் வடிவமைத்த வகை. பகலில் அதே லென்ஸ் வெயிலை உள்பக்கமாகக் குவிக்கும். திரை போட மறந்தால் தீப்பிடிக்கலாம். இரவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த எனக்கு அவருடைய காலை தெரியவில்லை. நாற்பது பக்கத்தையும் தூக்கிப் போட்டேன்.

அதற்குப் பிறகு யாரிடமும் "உங்க வாழ்க்கை எப்படி?" என்று கேட்பதில்லை. அதற்கு எல்லோரிடமும் பத்துப் பேருக்குச் சொல்லிப் பழகிய பதில் இருக்கும். எழுந்ததும் முதலில் கையில் எடுப்பது என்ன, எந்த வேலையைத் தள்ளிப்போடுவீர்கள், புதிதாக வந்தவர் எதில் தப்புப் பண்ணுவார் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். புது ஆள் செய்கிற தப்பைத்தான் நாமும் எழுத்தில் செய்வோம்.

போவதற்கு முன் பயணக் கட்டுரைகளில் மூழ்க வேண்டாம். அவையும் வெளியாள் எழுதியவை. பணிக் கையேடு, தினப் பதிவேடு, விபத்து விசாரணை அறிக்கை, இவற்றைத் தேடிப் பிடியுங்கள். மின்சாரம் வருமுன் லென்ஸைச் சுழற்றியது கடிகாரப் பொறி. அதன் எடை கீழே இறங்கி முடிவதற்குள் கைப்பிடியைச் சுற்றி மேலேற்ற வேண்டும். லென்ஸ் சுழல்வதால் வெளிச்சம் மின்னி மறையும்; அப்படி மின்னும் விளக்கு ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஒரு கணக்கு உண்டு. அதை எண்ணித்தான் எந்தக் கரை என்று மாலுமி தெரிந்துகொள்வார். எண்ணிக்கை பிசகக்கூடாது என்பதால் காவலரின் தூக்கம் துண்டுதுண்டாகப் போகும். இதைப் படித்த பிறகு 'தனிமை' என்ற சொல்லே எனக்குத் தேவைப்படவில்லை.

எழுதி முடித்ததும் ஒரு பேனாவோடு உட்காருங்கள். பாத்திரம் வியக்கிற இடத்தையெல்லாம் அடிக்கோடிடுங்கள். இருபது வருஷம் அங்கேயே இருந்தவர் கடலை எதற்கு வியக்கப் போகிறார்? மழை வருமா என்று பார்ப்பார், அவ்வளவுதான். அந்த வியப்பு நம்முடையது. விட மனமில்லையென்றால் புதிதாக வேலைக்கு வந்த பையன் ஒருவனைக் கதைக்குள் கொண்டுவந்து அவனிடம் கொடுத்துவிடுங்கள்.

அந்த ஊர்க்காரர்களின் பேச்சை வரிக்கு வரி கொச்சையாக எழுதாதீர்கள். படிக்கும்போது கேலி மாதிரி ஆகிவிடும். தொழில் சொற்கள் இரண்டு மூன்று போதும். அர்த்தம் வேலை நடக்கிற விதத்திலேயே புரியட்டும்.

நோட்டை மூடிய பிறகு ஒருவர் சொல்வது நமக்குச் சொந்தமில்லை. பெரியவர் தன் தம்பியைப் பற்றி அப்படித்தான் சொன்னார். நாவலில் அது இல்லை.

இரண்டாம் வரைவை அவரிடம் படித்தபோது ஒரே இடத்தில் கை காட்டி நிறுத்தினார். காவலர் லென்ஸைத் துடைக்கும் காட்சி. "சட்டைப் பொத்தான் கண்ணாடியைக் கீறிடும்மா. முன்னாடி ஒரு துணியைக் கட்டிக்கச் சொல்லு." அங்கேயே பேனாவை வாங்கிக் கட்டிவிட்டேன்.