ஜிம்முக்கு மென்பொருள் வாங்கும் முன் சி.ஆர். கொப்பியைத் திறந்து பாருங்கள்

எங்கள் ஜிம்மில் 2019 வரை எல்லாக் கணக்கும் தடித்த ஒரு சி.ஆர். கொப்பியில்தான் இருந்தது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடியில் இயங்கும் சிறிய ஜிம் அது. அங்கத்தவர் எண்ணிக்கை இருநூறை நெருங்கியபோது கொப்பி போதாமல் போயிற்று. யார் பணம் கட்டினார், யாருடைய மாதம் முடிந்தது என்று அறியப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருந்தது. ஆகவே முகாமைத்துவ மென்பொருள் ஒன்றை வாங்கினேன். மூன்று ஆண்டுகளில் அதைக் கைவிட்டு வேறொன்றுக்கு மாறினேன். கொழும்பில் சொந்தமாக ஜிம் நடத்தும் நண்பர்கள் பலர் இப்போது அதே வாசலில் நிற்கிறார்கள். நான் செய்த பிழைகளை அவர்களும் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் பிழைகளில் பெரியது, மென்பொருளைப் பார்க்கும் முன் என் கொப்பியைப் பார்க்காமல் விட்டதுதான். விற்பனைக்கு வந்தவர் மடிக்கணினியில் வண்ண வரைபடங்களைக் காட்டினார். நானும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் கொப்பியில் இருந்தவை வெறும் பெயர்களும் தொகைகளும் அல்ல. எங்கள் ஜிம் எந்த விதிகளின்படி நடக்கிறது என்பதே அதில் இருந்தது, யாரும் அதை எழுதி வைக்கவில்லை என்பது மட்டுமே குறை.

ஓர் உதாரணம். ஒருவருடைய மாதம் 5ஆம் திகதி முடிகிறது. அவர் 12ஆம் திகதி வந்து பணம் கட்டுகிறார். புதிய மாதம் 5இலிருந்து தொடங்குமா, 12இலிருந்து தொடங்குமா? இடையில் நான்கு நாள் வந்து பயிற்சி செய்திருந்தால்? காய்ச்சலில் படுத்திருந்தேன் என்று சொன்னால்? எந்தச் சிறிய ஜிம்மிலும் கவுன்டரில் எழும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் பிறக்கின்றன. கொப்பியில் நாங்கள் ஆளுக்கேற்றபடி முடிவு செய்துகொண்டோம். மென்பொருளோ ஒரு விதியைத்தான் அறியும். நான் வாங்கியது எப்போதும் பணம் கட்டிய நாளிலிருந்தே எண்ணியது. அதை அறிந்துகொண்டவர்கள் ஒவ்வொரு மாதமும் ஒரு வாரம் பிந்திக் கட்டத் தொடங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் விதியே அப்படி அமைந்துவிட்டது.

எனவே விற்பனையாளர் எவரையும் அழைக்கும் முன் கடந்த மூன்று மாதப் பக்கங்களைத் திறந்து, வழக்கத்துக்கு மாறான பதிவுகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்துக் கட்டணம். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தந்தை கட்டும் பணம். மூன்று மாதத் தொகையில் பாதி இன்று, மீதி சம்பளம் வந்ததும். நோன்பு மாதத்தில் இடைநிறுத்தம். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் வராதவர். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வந்து மூன்று வாரம் மட்டும் பயிற்சி செய்பவர். இந்தத் தாள்தான் உங்கள் தேர்வுத்தாள். விற்பனையாளர் தன் கதையைத் தொடங்கும் முன் இதை அவர் கையில் கொடுத்து, ஒவ்வொன்றையும் உங்கள் கண் முன்னே பதிந்து காட்டச் சொல்லுங்கள். செய்யலாம் என்ற வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள்.

இடைநிறுத்தத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 20 மாலை ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது கதவைப் பூட்டினோம். எல்லா அங்கத்தவர்களுக்கும் எஞ்சிய நாள்களை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. எங்கள் மென்பொருளில் அதை ஒவ்வொருவராகத்தான் செய்ய முடிந்தது. ஏறத்தாழ இருநூறு பேர். மீண்டும் திறந்தபோது அதே வேலை மறுபடியும். ஒரே ஆணையில் அனைவருக்கும் நாள்களை நீட்டிக்க முடியுமா என்று நான் முதலில் கேட்டிருக்கவே இல்லை. இன்று நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

பணம் எந்த வழியில் வருகிறது?

வெளிநாட்டு ஜிம் மென்பொருள்களின் சிறப்பாகச் சொல்லப்படுவது, மாதந்தோறும் அங்கத்தவரின் கடனட்டையிலிருந்து பணத்தைத் தானாக எடுத்துக்கொள்வது. அதற்காகவே விலையும் அதிகம். அவற்றில் பல ஸ்ட்ரைப் என்ற கொடுப்பனவுச் சேவையை நம்பி இயங்குகின்றன. ஸ்ட்ரைப் இலங்கையில் பதிவுசெய்த வணிகங்களுக்குக் கணக்குத் திறப்பதில்லை. பேபால் மூலம் இங்கிருந்து பணம் செலுத்தலாம், பெற முடியாது. ஆக, அந்த மென்பொருளின் மிக விலையுயர்ந்த பகுதி கொழும்பில் வேலை செய்யாது. பேஹியர் போன்ற உள்ளூர்ச் சேவைகளில் மாதாந்தத் தானியங்கிக் கொடுப்பனவு உண்டு. நீங்கள் பார்க்கும் மென்பொருள் அவற்றோடு இணையுமா என்று கேளுங்கள்.

ஆனால் எங்கள் ஜிம்மில் கடனட்டை சிறுபான்மைதான். காசாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். லங்கா கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் வங்கிச் செயலியில் பணத்தை மாற்றிவிட்டு, அதன் ஸ்கிரீன்ஷாட்டை வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். இந்தப் பழக்கத்தை எண்ணி அமைக்கப்பட்ட வெளிநாட்டு மென்பொருள் எதையும் நான் பார்க்கவில்லை. ஸ்கிரீன்ஷாட் என்பது பணம் அல்ல. வங்கிக் கணக்கில் தொகை வந்து சேர்ந்ததை யாராவது சரிபார்க்க வேண்டும். அதுவரை அந்தக் கொடுப்பனவு இன்னும் உறுதிசெய்யப்படவில்லை என்று காட்டும் நிலை மென்பொருளில் வேண்டும். பணமாற்றத்தின் குறிப்பு எண்ணைப் பதிய ஓர் இடமும் வேண்டும். அதே எண் இரண்டாம் முறை வந்தால் அது எச்சரிக்க வேண்டும். எங்களிடம் ஒருவர் ஒரே ஸ்கிரீன்ஷாட்டை இரண்டு மாதங்களுக்கு அனுப்பியிருந்தார். தவறுதலாகத்தான் நடந்தது என்று நான் இன்றும் நம்புகிறேன். கேட்டதும் மன்னிப்புக் கேட்டுக் கட்டிவிட்டார். ஆனால் அதை நாங்கள் கண்டுபிடித்தது நான்கு மாதம் கழித்து, வங்கிக் கூற்றை வேறொரு காரணத்துக்காகப் பார்த்தபோதுதான்.

பற்றுச்சீட்டை அழிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதையும் இங்கேயே பாருங்கள். கவுன்டரில் இருப்பவர், பயிற்றுநர், முகாமையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி கடவுச்சொல் வேண்டும். அழிக்கப்பட்ட பதிவு, யாரால், எந்த நேரத்தில் என்ற குறிப்போடு எஞ்சியிருக்க வேண்டும். இது ஊழியர்மேல் ஐயம் கொள்வதற்காக அல்ல. காசு குறையும் நாளில் நேர்மையான பிள்ளையின்மேல் பழி விழாமல் காப்பது அந்தக் குறிப்புத்தான்.

டொலரில் வாங்கியது

மாதம் 100 டொலர் என்பது 2022 தொடக்கத்தில் எனக்கு ஏறத்தாழ 20,000 ரூபா. அந்த மார்ச்சில் ரூபாவின் பெறுமதி மிதக்க விடப்பட்டது. மே மாதத்தில் அதே 100 டொலருக்கு 36,000 ரூபா வரை கொடுக்க வேண்டியிருந்தது. அதே மாதங்களில் பெற்றோல் வரிசையில் நின்ற அங்கத்தவர்களிடம் கட்டணத்தை உயர்த்த மனம் வரவில்லை. மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதினேன். ஆண்டு ஒப்பந்தம் முடியும் வரை எதுவும் செய்ய இயலாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. கையெழுத்திட்டவன் நான், அவர்கள் மேல் தவறில்லை. வெளிநாட்டுப் பொருளை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் டொலரில் வாங்கினால் மாதக் கணக்கில் வாங்குங்கள், ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் கிடைக்கும் கழிவுக்கு ஆசைப்படாதீர்கள். உள்ளூர் நிறுவனமாக இருந்தால், சொல்லப்படும் விலையில் 18 சதவீத வற் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

உதவி கிடைக்கும் நேரமும் விலையின் ஒரு பகுதிதான். நியூயோர்க்கில் காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் திறக்கும்போது கொழும்பில் மாலை ஆறரையோ ஏழரையோ ஆகியிருக்கும். எங்கள் ஜிம்மில் நெரிசல் தொடங்குவது ஐந்தரைக்கு.

பெயரும் மொழியும்

பெரும்பாலான மென்பொருள்கள் பெயருக்கு இரண்டு கட்டங்கள் வைக்கின்றன. முதற்பெயர், குடும்பப்பெயர். நம்மவர்கள் தந்தையின் பெயரை முதலில் எழுதுகிறோம். அதை அப்படியே கட்டத்தில் நிரப்பினால் என்ன ஆகும்? எங்கள் மென்பொருள் ஒரு பெண்ணுக்கு, காலமான அவருடைய தந்தையின் பெயரைச் சொல்லிப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியது. அவர் எங்களிடம் கோபப்படவில்லை, ஆனால் அந்தச் செய்தியை என்னிடம் காட்டியபோது அவர் முகம் இருந்த நிலையை நான் மறக்கவில்லை. அழைக்கும் பெயர் என்று தனிக் கட்டம் உள்ளதா என்று பாருங்கள். இல்லையென்றால் தானியங்கி வாழ்த்துகளை முடக்கிவிடுங்கள்.

தேசிய அடையாள அட்டை எண்ணிலும் இதே சிக்கல் உண்டு. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கம். இரண்டையும் ஏற்காத படிவம் நமக்கு உதவாது.

குறுஞ்செய்திச் செலவைக் கணக்கிடாமல் விடுவதும் வழக்கமான தவறு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள். தமிழிலோ சிங்களத்திலோ அனுப்பினால் 70தான். அதுவும் நம் கணக்கில் அல்ல. கொழும்பு என்ற நான்கெழுத்துச் சொல்லைக் கணினி எட்டாக எண்ணும், ஏனென்றால் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. ஆங்கிலத்தில் ஒன்றாகப் போகும் நினைவூட்டல் தமிழில் மூன்றாகப் பிரிந்து, மூன்றுக்கும் கட்டணம் வரும். அதற்காகத் தமிழை விட்டுவிட வேண்டியதில்லை. எங்கள் அங்கத்தவர்களின் அம்மாமார் பலர் இப்போது காலையில் வருகிறார்கள், அவர்களுக்குத் தமிழில் செய்தி போவதை நான் விரும்புகிறேன். செய்தியைச் சுருக்கமாக எழுதுகிறோம், இயன்றவரை வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம்.

விரலடையாளம்

கதவில் விரலடையாளக் கருவி பொருத்தினால் ஜிம் நவீனமாகத் தெரியும் என்று நானும் நினைத்தேன். வியர்த்த விரலை அது பல நேரம் ஏற்பதில்லை. பாரம் தூக்கித் தோல் தடித்த விரலையும் ஏற்பதில்லை. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்சார் அடையாளத் தரவுகளையும் உடல்நலத் தரவுகளையும் சிறப்பு வகையாக வைத்திருக்கிறது. விரலடையாளம் முதலாவதில் அடங்கும். சேரும்போது நாம் நிரப்பச் சொல்லும் இதயநோய், நீரிழிவு, பழைய காயம் பற்றிய படிவம் இரண்டாவதில் அடங்கும். எனவே மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: இவை எந்த நாட்டில் உள்ள கணினியில் சேமிக்கப்படுகின்றன, யார் பார்க்க முடியும், ஒருவர் விலகியதும் எப்படி அழிப்பீர்கள்? விரல் கொடுக்க விரும்பாதவருக்கு அட்டை தர வழி இருக்க வேண்டும். ஒருவருடைய உடலைப் பற்றிய செய்தியை நம்மிடம் நம்பித் தருகிறார், கடவுச்சொல்லை மாற்றுவதுபோல் அவரால் விரலை மாற்ற முடியாது. நாங்கள் இப்போது எல்லோருக்கும் அட்டைதான் கொடுக்கிறோம்.

கதவுப் பூட்டு மின்சாரத்தில் இயங்கினால், மின்சாரம் நின்றதும் உள்ளிருந்து திறக்கும்படி அது இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அழகான கைத்தொலைபேசிச் செயலி, உணவுத் திட்டம், தரவரிசைப் பலகை போன்றவற்றைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. இருந்தால் நல்லது. அவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

வெளியேறும் வழி

முதல் மென்பொருளிலிருந்து விலகியபோது எங்கள் தரவுகளைக் கேட்டேன். பெயர்களும் தொலைபேசி எண்களும் கொண்ட ஒரு கோப்பு வந்தது. யாருக்கு எத்தனை நாள் எஞ்சியிருக்கிறது, யார் எவ்வளவு நிலுவை, கடந்த மூன்று ஆண்டில் என்ன கட்டினார்கள் என்பவை அதில் இல்லை. திகதிகளும் சில இடங்களில் மாதமும் நாளும் இடம் மாறிக் கிடந்தன. கவுன்டரில் இருக்கும் தங்கையும் நானும் பழைய பற்றுச்சீட்டுகளை வைத்து இரண்டு வாரம் இரவிரவாகத் தட்டச்சு செய்தோம்.

வாங்கிய பின் அல்ல, இலவசப் பரீட்சார்த்த காலத்திலேயே இதைச் சோதியுங்கள். பத்து அங்கத்தவர்களைப் பதியுங்கள், சிலருக்கு நிலுவை வையுங்கள், ஒருவரை இடைநிறுத்துங்கள். பிறகு எல்லாவற்றையும் எக்செல் கோப்பாக வெளியே எடுங்கள். அந்தக் கோப்பை மட்டும் வைத்து நாளைக் காலை ஜிம்மைத் திறக்க முடியுமா என்று பாருங்கள்.

அந்தப் பரீட்சார்த்த காலத்தில் மென்பொருளை இயக்க வேண்டியவர் உரிமையாளர் அல்ல, மாலை ஆறு மணிக்குக் கவுன்டரில் இருப்பவர். இரண்டாம் முறை நான் அப்படித்தான் செய்தேன். மூன்று மென்பொருள்களை ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் என்று தங்கையிடம் கொடுத்தேன், கொப்பியும் கூடவே எழுதப்பட்டது. எனக்குப் பிடித்திருந்த ஒன்றை அவர் முதல் வாரத்திலேயே ஒதுக்கினார். "அண்ணா, ஒருவரிடம் காசு வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுக்க இதில் ஏழு இடத்தில் அழுத்த வேண்டியிருக்கிறது. பின்னால் நிற்பவர்கள் படியிறங்கிப் போய்விடுகிறார்கள்" என்றார். எண்ணிப் பார்த்தேன், ஏழுதான். அவர் தேர்ந்ததில் மூன்று. அதையே வாங்கினோம், இன்றும் அதில்தான் இயங்குகிறோம்.

கொப்பியையும் விடவில்லை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது, அந்த நாள்களில் இணையத்தில் உள்ள கணக்கை எங்களால் திறக்கவே முடியவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை இரவும், நடைமுறையில் உள்ள அங்கத்தவர்களின் பெயர், முடியும் திகதி, நிலுவை ஆகியவற்றை அச்சிட்டுக் கொப்பிக்குள் வைக்கிறோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் போனபோது, தங்கை அந்தத் தாளை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்களின் பெயருக்கு நேரே பென்சிலால் குறியிட்டுக்கொண்டிருந்தார். அன்று பணம் கட்டிய நால்வருக்கும் கையால் எழுதிய பற்றுச்சீட்டுக் கிடைத்தது. மறுநாள் காலை அவை நான்கும் கணினியில் ஏறின.