மே மாத இறுதியில் மில் லாக்ஸ் ஏரியில் வால்ஐ மீன் பிடிப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவின் வட எல்லை மாநிலமான மின்னசோட்டாவில், மினியாபொலிஸ் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில் மில் லாக்ஸ் ஏரி உள்ளது. வால்ஐ (walleye) என்பது சிறு மீன்களைத் தின்று வாழும் ஒரு நன்னீர் மீன். ஏரியின் பரப்பு 500 சதுர கி.மீ.க்கும் அதிகம், ஆனால் மிக ஆழமான இடத்திலும் ஆழம் 13 மீட்டர் அளவே. இவ்வளவு அகன்ற, ஆழம் குறைந்த ஏரியைக் காற்று எளிதில் கலக்கிவிடும் என்பதால், காலையில் மீன் கிடைத்த கரையில் மாலையில் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் எந்த இரை நல்லது என்ற கேள்வியுடனே தொடங்குகிறார்கள். நீரின் வெப்பநிலையையும் காற்றின் திசையையும் அறிந்த பிறகே இரையைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள படிகளின் வரிசையும் அதையொட்டியே அமைந்துள்ளது.

படி 1: உரிமமும் அந்த ஆண்டின் விதிகளும்

16 வயது நிரம்பியவர்களுக்கு மீன்பிடி உரிமம் கட்டாயம். பனிக்கட்டி இல்லாத காலத்தில் ஒருவர் ஒரே ஒரு தூண்டிலைத்தான் நீரில் இட்டிருக்கலாம். எத்தனை மீன்களை, எந்த நீளத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது இந்த ஏரியில் ஆண்டுதோறும் மாறக்கூடியது. 1837ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஓஜிப்வே பழங்குடியினருக்கு இங்குள்ள மீன்பிடி உரிமை தொடர்கிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999இல் உறுதி செய்ததால், பிடிக்கத்தக்க மீனளவைப் பழங்குடி அரசுகளும் மாநில அரசும் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே சென்ற ஆண்டு நண்பர் சொன்ன கணக்கை நம்பாமல், புறப்படும் முன் மாநில இயற்கை வளத்துறையின் இணையதளத்தில் மில் லாக்ஸுக்கான தனி விதிகளைப் படித்துக்கொள்ளுங்கள்.

படி 2: நீரின் வெப்பநிலையை அளத்தல்

பனிக்கட்டி பொதுவாக ஏப்ரல் பிற்பகுதியில்தான் கரைகிறது. மே இறுதியில் வெயில் உறைத்தாலும் நீர் குளிர்ந்தே இருக்கும். நூலில் கட்டி இறக்கும் எளிய வெப்பமானி ஒன்று போதும். நீர் ஏறத்தாழ 6 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது வால்ஐ மீன்கள் கற்பாங்கான கரையோரங்களில் முட்டையிடுகின்றன. அதன்பின் பெரிய பெண் மீன்கள் களைத்துப்போய்ச் சில நாள்கள் சரியாக இரையெடுப்பதில்லை; சிறிய ஆண் மீன்கள் முட்டையிட்ட இடங்களின் அருகிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நீர் 13 டிகிரியைத் தாண்டும் நாள்களில் சிறு மீன் கூட்டங்கள் ஆழமற்ற மணற்பகுதிக்கு வர, அவற்றைத் தின்ன வால்ஐயும் அந்திவேளையில் பின்தொடரும். தொடக்கநிலையினருக்கு இதைவிட நல்ல காலம் ஆண்டில் இல்லை, ஏனெனில் படகு இல்லாமலே கரையிலிருந்தும் படகுத்துறையிலிருந்தும் மீன் எட்டும் தொலைவில் இருக்கிறது.

படி 3: காற்று மோதும் கரையைத் தேர்தல்

வெயிலில் சூடான மேல்நீரைக் காற்று எதிர்க்கரைக்குத் தள்ளுகிறது. அங்கே அலை எழுந்து நீர் சற்றுக் கலங்குகிறது. வால்ஐயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருப்பதால், மங்கலான வெளிச்சத்தில் அதன் பார்வை பல மீன்களைவிடக் கூர்மையாக இருக்கும். 2005இல் இந்த ஏரியில் வரிக்குதிரைச் சிப்பிகள் (zebra mussels) என்னும் அயலகச் சிறு சிப்பிகள் கண்டறியப்பட்டன. அவை நீரை வடிகட்டுவதால் ஏரி முன்பைவிடத் தெளிந்திருக்கிறது, அதனால் மங்கலான நேரங்களுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. அலையடிக்கும் கரையையும், மே இறுதியில் இரவு 9 மணிக்குச் சற்று முன்பு வரும் சூரிய அத்தமனத்தை ஒட்டிய ஒரு மணி நேரத்தையும் தேர்ந்தெடுங்கள். இரவில் மீன்பிடிக்கத் தடை இருக்கிறதா என்பதையும் அவ்வாண்டு விதிகளில் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிர்காற்று வீசி ஓய்ந்து, வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும் மறுநாளில் மீன்கள் மந்தமாகிவிடும். அன்று பொறுமைதான் வேண்டும்.

படி 4: தூண்டிலைக் கட்டுதல்

ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள, நுனி மெல்லியதாக வளையும் தூண்டில் கம்பும், நரம்பைச் சுற்றிவைக்கும் ஸ்பின்னிங் ரீலும், 6 அல்லது 8 பவுண்டு இழுவிசை தாங்கும் நைலான் நரம்பும் போதுமானவை. தொடக்கத்தில் நகரும் தக்கை முறையையே பரிந்துரைப்பேன். முதலில் நரம்பில் ஒரு தடை முடிச்சை இறுக்கமாக, ஆனால் விரலால் தள்ளினால் நகரும்படி கட்டுங்கள். அதன்பின் ஒரு சிறு மணியையும், நடுவில் துளையுள்ள தக்கையையும் கோத்து, கீழே ஒரு சிறு எடைக்குண்டைப் பொருத்தி, நுனியில் 6ஆம் எண் முள்ளைக் கட்டுங்கள். வீசும்போது தக்கை முள்ளருகே வந்து நிற்கும், நீரில் விழுந்ததும் நரம்பு தக்கைக்குள் வழுக்கி இறங்கி, மணி முடிச்சில் முட்டும் ஆழத்தில் நின்றுவிடும். முள்ளில் ஒரு கனமான குண்டை மாட்டி இறக்கி ஆழத்தை அறிந்து, இரை தரையிலிருந்து ஒரு சாண் முதல் ஒரு முழத்துக்குள் நிற்குமாறு முடிச்சை நகர்த்துங்கள். எடைக்குண்டு ஈயமாக இல்லாமல் தகரமாக இருப்பது நல்லது. நீரில் தவறிய ஈயத்தை விழுங்கும் லூன் என்னும் நீர்ப்பறவைகள் நஞ்சேறி இறக்கின்றன.

படி 5: இரை

நீர் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால், இரையாகும் நீரட்டைகள் (leech) சுருண்டு பந்துபோல் கிடக்கும்; அப்போது சிறு மீன்களே ஏற்றவை. அதற்கு மேல் வெப்பம் ஏறியபின் அட்டைதான் சிறந்தது. அதன் அகன்ற முனையிலுள்ள உறிஞ்சியின் வழியாக முள்ளைச் செலுத்தினால், அது நெடுநேரம் உயிருடன் நெளிந்துகொண்டிருக்கும்.

படி 6: மீன் கடிக்கும்போது

வால்ஐ தக்கையை வெடுக்கென்று இழுப்பது அரிது. தக்கை சாய்ந்து, மெல்ல அமிழ்ந்து, நீருக்கடியில் மங்கலாகத் தெரிந்தபடியே நகரும். இரண்டு மூன்று நொடி பொறுத்து, தொய்ந்த நரம்பைச் சுற்றியெடுத்து, மீனின் பாரம் கையில் தெரிந்ததும் கம்பைச் சீராகப் பின்னிழுங்கள். மீனின் வாயில் விரலை வைக்கக் கூடாது. பற்கள் கூர்மையானவை, செவுள் மூடியின் விளிம்பும் அறுத்துவிடும். விதிக்குட்படாத நீளமுள்ள மீனை ஈரக் கைகளால் பிடித்து, நீள்மூக்குக் குறட்டால் முள்ளை எடுத்து, உடனே நீரில் விடுங்கள். முள் தொண்டைக்குள் போயிருந்தால் பிடுங்காமல் நரம்பை வெட்டிவிடுவதே மீன் பிழைக்க வழி. நீர் 15 டிகிரியை நெருங்கும்போது கரையோரக் குழிகளில் சிறுவாய் பாஸ் மீன்கள் கூட்டைக் காத்து நிற்பதைக் காண்பீர்கள். அவற்றைத் தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள். காவல் மீனை அகற்றிய சில நிமிடங்களிலேயே பிற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடக்கூடும்.

படி 7: படகில் செல்வோர் கவனத்துக்கு

இந்த வெப்பநிலையில் நீரில் விழுந்தால் முதல் நிமிடத்திலேயே மூச்சு முட்டும். நன்றாக நீந்துபவரும் விரைவில் கைகால் வலுவிழப்பார். உயிர்காப்பு அங்கியை இருக்கைக்கடியில் வைக்காமல் உடலிலேயே அணிந்திருங்கள். திரும்பும்போது படகின் வடிகால் மூடியைக் கழற்றி நீர் முழுவதையும் வடித்து, ஒட்டியிருக்கும் நீர்த்தாவரங்களை அகற்றிய பிறகே சாலையில் ஏற்ற வேண்டும் என்பது மாநிலச் சட்டம். மிஞ்சிய இரையை ஏரியிலோ கரையிலோ கொட்டாமல் குப்பைத்தொட்டியில் போடுங்கள். அடுத்த நாளுக்கு வைத்திருக்க விரும்பினால், இரைவாளியில் உள்ள ஏரிநீரைக் கரையிலேயே ஊற்றிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த நீரை நிரப்பிக்கொள்ளுங்கள்.