முதுகு மலையாகத் தெரிய வேண்டுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடம்பின் மேல் குட்டி மனிதப் பொம்மைகளை நிறுத்தி, உடம்பே மலையும் நிலமுமாகத் தெரிகிற மாதிரி ஃபோட்டோ எடுப்பதைப் பற்றிய பேச்சு இது. குட்டி பொம்மையை வைத்துவிட்டால் உடம்பு தானாக மலையாகிவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. மலையாக்குவது வெளிச்சம். சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஏதாவது ஒரு மொட்டைமாடியில் நின்று சேர்வராயன் மலையைப் பாருங்கள். உச்சி வெயிலில் ஒரே நீலப் பட்டை. மாலையில் மேற்கு வெயில் சரிந்து விழும்போதுதான் மடிப்பும் பள்ளமும் தனித்தனியாகப் பிரியும். முதுகெலும்புக்கும் தோள்பட்டைக்கும் இதே கணக்குதான்.

ஆனால் பலரும் ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே படுக்கவைத்து, போதாததற்கு ஃபிளாஷும் போட்டு எடுக்கிறார்கள். மேடு பள்ளம் எல்லாம் சமமாகிவிடும். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒற்றை ஜன்னலோ ஒரு சின்ன எல்இடி விளக்கோ போதும். அது உடம்பின் மட்டத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் இருக்கட்டும். எதிர்ப்பக்கம் நிழல் மிகவும் கறுத்தால் ஒரு வெள்ளைச் சார்ட் அட்டை. இரண்டாவது விளக்கு வேண்டாம். பொம்மைக்கு இரண்டு நிழல் விழுந்தால் அங்கேயே குட்டு உடைந்துவிடும்.

அடுத்து அளவு. ரயில் மாடல்களுக்கு வரும் 1:87 பொம்மை (நிஜ ஆளில் 87-ல் ஒரு பங்கு) சுமார் 2 செ.மீ. உயரம். ஒருக்களித்துப் படுத்தவரின் இடுப்பு தரையிலிருந்து 35 செ.மீ. என்றால், அந்தப் பொம்மைக்கு அது 30 மீட்டர்தான். அதாவது சேர்வராயன் இல்லை, ஊர் ஓரத்துக் கரடு. கரடுதான் வேண்டுமென்றால் சரி. உயரம் கூட வேண்டுமென்றால் 1:160 பொம்மைக்குப் போங்கள். ஆள் ஒரு செ.மீ.க்குச் சற்று மேலே இருப்பார், இடுப்பு 56 மீட்டராகும். 1:87-ன் 2 செ.மீ. ஆளுக்குப் பக்கத்தில் வீட்டில் கிடக்கும் பொம்மைக் காரையோ, கொலுவில் பார்க் அமைக்க வாங்கிய மாட்டையோ நிறுத்துவது அடுத்த சறுக்கல். எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

கேமரா பொம்மையின் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் மலை தெரியாது, மெத்தை தெரியும். பூப்போட்ட பெட்ஷீட்டும் சேர்ந்து தெரியும்.

மிக நெருக்கத்தில் எடுப்பதற்கான மேக்ரோ லென்ஸில் ரொம்ப நெருங்குவதும் வம்புதான். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் பாதி உருப்பெருக்கத்தில், அதாவது பொருள் சென்சாரில் பாதி அளவில் விழும்போது, எஃப்/8 லென்ஸ் திறப்பில், கூர்மையாக விழும் ஆழம் சுமார் 3 மி.மீ. மட்டுமே. பொம்மை கூர்மையாக இருக்கும், மலை மங்கிப்போகும். பின்வாங்கி, ஃபிரேமுக்குள் ஒரு அடி அகலம் வருகிற மாதிரி எடுத்தால் அதே எஃப்/8-ல் சில சென்டிமீட்டர் கிடைக்கும். பல ஃபோகஸில் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம் என்றால், உயிருள்ள உடம்பு மூச்சுவிடும், படங்கள் பொருந்தாது. வயிறு, மார்பைவிட முழங்கால், உள்ளங்கை, பாதம் அசைவு குறைந்த இடங்கள். முதுகு என்றால் மூச்சை விட்டு முடித்த அந்த இடைவெளியில் கிளிக் செய்யுங்கள். ஃபோனில் எடுப்பவர்களுக்கு ஆழக் கவலை குறைவு. பியூட்டி மோடை மட்டும் மறக்காமல் அணையுங்கள். தோலின் வரிகளை அது மழித்துவிட்டால் நிலமே இல்லை. அப்புறம், கறுப்புத் துணிப் பின்னணியில் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி, நம் மாநிறத்தைக் கருப்பூர் மேக்னசைட் (வெள்ளைக் கனிமம்) குவியல்போல வெளுக்கவைக்கும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்தால் செம்மண் நிறம் திரும்பிவிடும்.

பொம்மை நிற்கவில்லை என்று ஃபெவிக்விக்கைத் தோலில் தடவாதீர்கள். பிய்க்கும்போது தோலும் சேர்ந்து வரும். தோல் நிறத்தில் ஸ்டிக்கர் பொட்டு வாங்கி, அதன் மேல்பக்கத்தில் பொம்மையின் பாதத்தை ஒட்டி, நன்றாகக் காய்ந்தபின் பொட்டை வைப்பதுபோல வைத்துவிடலாம். விளிம்பைக் கத்தரித்தால் கண்ணுக்குப் படாது. சேலத்துச் சித்திரை வெயிலில் வியர்த்தால் இதுவும் நழுவும். ஃபேன் போட்டாலோ பொம்மை பறக்கும். அதிகாலையே நல்லது. மார்கழியில் ஏற்காட்டில் எடுத்தால் குளிரில் மயிர்க்கூச்செறியும்; அந்தப் புள்ளிகள் புல்வெளியாகத் தெரியும் என்பது உபரி லாபம். படுத்திருப்பவரை ரொம்ப நேரம் நடுங்கவிடக் கூடாது, அவ்வளவுதான். இடுப்பு எலாஸ்டிக், ஜாக்கெட் கொக்கி, சாக்ஸ் தடம் எல்லாம் மறைய நேரமாகும். முன்னதாகவே தளர்வான உடைக்கு மாறச் சொல்லுங்கள்.

தொப்புளில் நீச்சல் குளம், வயிற்றில் கடற்கரைக் குடை என்று எல்லோரும் எடுத்துவிட்டார்கள். முதுகெலும்பு மேட்டில் காபிப் பழம் பறிப்பவர்களை நிறுத்துங்கள். மடக்கிய முழங்காலில் மிளகு பறிக்க ஏணி சாத்துங்கள். கடையில் வரும் பொம்மைகள் பெரும்பாலும் கோட்டு போட்ட ஐரோப்பியர்கள். அக்ரிலிக் பெயின்ட்டால் கோட்டைச் சேலையாக்கிக்கொள்ளலாம். அந்தரங்க இடங்களைக் கிண்டலாக்கிப் பொம்மை வைக்கும் வேலை எனக்குப் பிடிப்பதில்லை, அதில் நிலமும் இல்லை.

முகம் தெரியாததால் சம்மதம் தேவையில்லை என்று நினைப்பது எல்லாவற்றிலும் மோசமான தவறு. ஒரு மச்சம், தழும்பு, பச்சை போதும், தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். எந்தப் பகுதி, எங்கே வெளியிடுவது என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் வேண்டவே வேண்டாம். அவர் விரும்பினால் துணைக்கு ஒருவர் அறையில் இருக்கட்டும். எடுத்த படங்களை அன்றே அவரிடம் காட்டி, வேண்டாம் என்பதை அவர் எதிரிலேயே அழியுங்கள். ஃபோனில் தானியங்கி பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால், அழித்த படத்தின் நகல் அங்கேயும் இருக்கக்கூடும். அதையும் திறந்து பாருங்கள்.