விபத்தைத் தடுக்க ஏஐ: எங்கே தவறு நடக்கிறது?

சாலை விபத்தைக் குறைக்க செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது என்று அடிக்கடி செய்தி வருகிறது. வாங்கப்படும் கருவிகள் பெரும்பாலும் வேலை செய்யக்கூடியவைதான். கோளாறு வருவது கருவிக்கு முன்பு, எதைப் பதிவு செய்தோம் என்பதில். அல்லது கருவிக்குப் பிறகு, அது சொன்னதை யார் செய்தார்கள் என்பதில். பஸ் கம்பெனி நடத்துபவர், நகராட்சி அதிகாரி, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் இருப்பவர் என யார் இந்த வேலையில் இறங்கினாலும் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

எஃப்.ஐ.ஆரை அப்படியே கணினிக்குக் கொடுப்பது

2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் சுமார் 71 சதவீத மரணங்களுக்கு அதிவேகமே காரணம் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை. இந்தக் கணக்கு காவல் நிலையங்களிலிருந்து திரட்டப்படுவது. அங்கே எழுதப்படும் எஃப்.ஐ.ஆரின் வேலையோ யார் மீது வழக்குப் போடுவது என்று தொடங்கி வைப்பது. வழக்குப் பிரிவுகள் முன்பு இ.பி.கோ. 279, 304ஏ; இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 281, 106. 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்ற வரி இல்லாத விபத்து எஃப்.ஐ.ஆரைப் பார்ப்பது அரிது. மீடியனை (சாலை நடுத்தடுப்பை) உடைத்து யாரோ வைத்த இடைவெளி, எரியாத தெருவிளக்கு, ரிஃப்ளெக்டர் இல்லாமல் ஓரத்தில் நின்ற லாரி, இதெல்லாம் அந்த வரிக்குள் வராது. அந்தத் தரவில் பயின்ற மாடல், அதாவது தரவிலிருந்து கணிக்கக் கற்ற ஏஐ மென்பொருள், என்ன சொல்லும்? டிரைவர் வேகமாகப் போனார் என்றுதான் சொல்லும். அதைச் சொல்ல ஏஐ எதற்கு?

இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் ஐராட் (iRAD) என்ற விபத்துத் தரவுத்தளம் வந்தது. ஐஐடி மெட்ராஸ் வடிவமைத்தது. தேசியத் தகவலியல் மையம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. போலீஸ்காரர் செயலியில் இடத்தையும் படங்களையும் ஏற்றுவார். சாலையைப் பற்றி நெடுஞ்சாலைத் துறை, வண்டியைப் பற்றிப் போக்குவரத்துத் துறை, காயத்தைப் பற்றி மருத்துவமனை என்று அவரவர் பங்கை நிரப்ப வேண்டும். நல்ல அமைப்பு. ஆனால் காயம்பட்டவரை ஆம்புலன்ஸில் ஏற்றி, நெரிசலைக் கலைக்கவே நேரம் போதாத ஏட்டு, ஸ்டேஷனுக்குத் திரும்பிய பிறகு பதிவைத் தொடங்கி, வரைபடத்தில் புள்ளியை நகர்த்த மறந்தால், ஸ்டேஷன் வாசலே ஆபத்தான இடமாகிவிடும். மாடல் கட்டுவதற்கு முன், காவல் நிலையங்கள், ஆஸ்பத்திரிகள் முன்பாகப் புள்ளிகள் குவிந்திருக்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பதிவாகாத விபத்து இன்னொரு சிக்கல். 2022-ல் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்: 64,105. இறந்தவர்கள் 17,884. உத்தரப் பிரதேசத்தில் பதிவான விபத்துகள் 41,746, ஆனால் இறந்தவர்கள் 22,595. அங்கே விபத்தில் சிக்கினால் பாதிக்கு மேல் மரணமா? அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. சின்னக் காயங்கள் அங்கே அவ்வளவாக ஸ்டேஷனுக்கு வருவதில்லை என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம். இரண்டு மாநிலத் தரவையும் ஒன்றாகக் கொட்டி மாடலைப் பயிற்றுவித்தால், ஒழுங்காகப் பதிவு செய்த ஊர்தான் மோசமான ஊராகத் தெரியும். நேர்மையாக எழுதிய ஏட்டுக்கு அது தண்டனை.

செத்த பிறகு எண்ணுவது

தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்தில், 3 ஆண்டுகளில் மரணமோ படுகாயமோ ஏற்பட்ட 5 விபத்துகள் நடந்தால், அல்லது 10 பேர் இறந்தால், அது 'பிளாக் ஸ்பாட்'. இந்த வரையறையை மட்டும் பிடித்துக்கொண்டு ஏஐயை இயக்குவதில் இரண்டு கோளாறுகள். முதலாவது வெளிப்படையானது: பட்டியலில் ஏற ஓர் இடம் உயிர்களைக் கேட்கிறது. இரண்டாவது கொஞ்சம் நுணுக்கமானது. ஒரு வளைவில் ஓராண்டு ஆறு விபத்து நடந்தால், அடுத்த ஆண்டு எதுவுமே செய்யாவிட்டாலும் எண்ணிக்கை இறங்க வாய்ப்பு அதிகம். அந்த ஆறில் தற்செயலும் கலந்திருக்கிறது. இடையில் கருவி பொருத்திவிட்டு, பாருங்கள் பாதியாகிவிட்டது என்று விளம்பரம் செய்வது எளிது. விற்பவர் முன்-பின் வரைபடம் காட்டினால், கருவி பொருத்தாத அதே மாதிரி சாலையில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

நாக்பூரில் 2021-ல் தொடங்கிய ஐராஸ்தே திட்டம் வேறு வழியில் போனது. இன்டெல், ஐஐஐடி ஐதராபாத், மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம், மஹிந்திரா, நாக்பூர் மாநகராட்சி எல்லாரும் சேர்ந்த முயற்சி. மாநகரப் பேருந்துகளில் மோதல் எச்சரிக்கைக் கருவி வைத்தார்கள். அது டிரைவரை எச்சரிக்கும். கூடவே எங்கே எச்சரித்தது என்பதும் பதிவாகும். ஒரே இடத்தில் எச்சரிக்கைகள் குவிந்தால், அங்கே இன்னும் யாரும் சாகாவிட்டாலும் அது 'கிரே ஸ்பாட்'. எனக்குப் பிடித்த யோசனை இது. ஆனால் பஸ் போகாத தெரு இந்த வரைபடத்தில் இருக்காது. வெற்றிடத்தைப் பாதுகாப்பான இடம் என்று வாசித்துவிடக் கூடாது.

நம் சாலையைப் பார்க்காத மாடலை நம்புவது

2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் டெம்பி நகரில் ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண் மீது மோதி அவர் இறந்தார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை அறிக்கையைப் படித்தால் மனம் கனக்கும். மோதுவதற்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே கருவி அவரைக் கண்டுவிட்டது. ஆனால் ஒரு கணம் வாகனம், ஒரு கணம் வேறு ஏதோ பொருள், ஒரு கணம் சைக்கிள் என்று மாற்றி மாற்றி முடிவு செய்துகொண்டிருந்தது. பாதசாரிகள் கோடு இல்லாத இடத்திலும் ஆட்கள் கடப்பார்கள் என்பது அதன் வடிவமைப்பிலேயே இல்லை. இருக்கையில் இருந்த கண்காணிப்பாளரோ போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டில் மட்டுமே ஆட்கள் கடப்பார்கள் என்று நம்பும் கருவியை நம்மூர் பஸ் ஸ்டாண்ட் வாசலில் கற்பனை செய்து பாருங்கள். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் இரு சக்கர வாகனத்தில் வந்தவர்கள், 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். ஐஐஐடி ஐதராபாத் உருவாக்கிய இந்திய ஓட்டுநர் தரவுத்தொகுப்பில் ஆட்டோவுக்கும் விலங்குகளுக்கும் தனி வகை வைத்தது சும்மா இல்லை. ஐதராபாத், பெங்களூரு சாலைகளில் எடுத்த 10,000 படங்கள் அதில் உண்டு. ஆகவே, வாங்கும் முன் உங்கள் ரூட்டிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முக்கியமாக, இரவில். தானாக பிரேக் பிடிக்கும் வசதி பாதசாரிகள் மீதான மோதலை 27 சதவீதம் குறைத்ததாகக் கண்ட, அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஎச்எஸ்-இன் ஆய்வு, விளக்கில்லாத இருட்டுச் சாலைகளில் பலன் எதையும் காணவில்லை.

சலான் எண்ணிக்கையைப் பாதுகாப்பு என்று நினைப்பது

கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் 726 கேமராக்கள் அபராத வேலையைத் தொடங்கின. அவற்றில் 675 ஹெல்மெட், சீட் பெல்ட் போன்றவற்றைப் பார்ப்பவை. 25 பார்க்கிங், 18 சிக்னல் மீறல். வேகத்துக்கு எட்டே எட்டு. ஹெல்மெட் உயிரைக் காக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது மோதிய பிறகு காப்பது. மோதலையே தடுக்க வேண்டுமானால் வேகத்தில் கை வைத்தாக வேண்டும். கேமராவுக்குப் பிடிக்க எளிதானதை அளந்துவிட்டு, அதையே இலக்கு என்று வைத்துக்கொள்வது எல்லா ஊரிலும் நடக்கிறது.

பஸ், லாரி வைத்திருப்பவர்களுக்கும் இதே சபலம் உண்டு. கண் சொருகினால் அலறும் கேமராவை வாங்கி, அதிக அலாரம் வாங்கிய டிரைவருக்குச் சம்பளத்தில் பிடித்தால், அடுத்த வாரம் கேமரா மேல் ஒரு துண்டு தொங்கும். அலாரம் பெரும்பாலும் விடிகாலை மூன்று மணிக்கு மேல் வருகிறது என்றால் மாற்ற வேண்டியது டியூட்டி சார்ட். இரண்டாவது டிரைவர் போடச் செலவாகும், கேமரா மலிவு. சிக்கல் அங்கேதான்.

யார் பொறுப்பு என்று எழுதாமல் விடுவது

இந்தச் சந்திப்பு ஆபத்து என்று திரை சொல்லும். சிக்னல் நேரத்தை மாற்றுவது போலீஸ், மீடியனை மூடுவது நெடுஞ்சாலைத் துறை, விளக்குப் போடுவது உள்ளாட்சி. மூவருக்கும் அறிக்கை போய்ச் சேரும், அத்தோடு சரி. மென்பொருளுக்கு ஒப்பந்தம் போடும்போதே, எந்த அளவு ஆபத்து தெரிந்தால் எந்த அதிகாரி எத்தனை நாளுக்குள் இடத்தைப் பார்க்க வேண்டும், எந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம் என்று எழுதிவிடுங்கள். மொத்தத் தொகையில் ஒரு பங்கை பெயின்ட், ரிஃப்ளெக்டர், தடுப்புக் கம்பி வாங்க ஒதுக்கி வைப்பது இன்னும் நல்லது. திட்ட அறிக்கையில் அந்த வரி இல்லையென்றால் கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டாம்.