முதலில் கைதட்டு, அப்புறம் காலணி

ஸ்பெயினின் செவில் நகரத்தின் திரியானா பகுதியில் மூன்று மாதம் ஃபிளமெங்கோ நடனம் கற்றேன். எங்கள் ஆசிரியை இரவில் தப்லாவோ எனப்படும் சிறு அரங்கில் ஆடுவார். காலையில் எங்களுக்குச் சொல்லித்தருவார். இப்படி மேடையில் ஆடிப் பிழைக்கும் ஒருவரிடம் கற்கப் போகிறீர்களா? அடியில் ஆணி அடித்த காலணியை வாங்க அவசரப்படாதீர்கள். முதலில் கைதட்டப் பழகுங்கள்.

இந்தக் கைதட்டுக்குப் பல்மாஸ் என்று பெயர். உள்ளங்கைகளைக் குழித்துத் தட்டினால் அடங்கிய ஓசை வரும். பாடகர் பாடும்போது அது போதும். ஒரு கையின் விரல்களால் மறு உள்ளங்கையில் அடித்தால் ஓசை சுள்ளென்று வரும். கால்வேலை சூடுபிடிக்கும்போது அதற்கு மாறுவார்கள். முதல் இரண்டு வாரம் பாதி வகுப்பு இதிலேயே போனது. ஆடத்தானே வந்தோம் என்று எனக்கு மனம் அடித்துக்கொண்டது. ஆனால் அங்கேதான் கொம்பாஸ், அதாவது தாளச் சுற்று, உடம்பில் இறங்கியது.

நான்கு எண்ணிக்கை கொண்ட தாங்கோஸ் என்ற ஃபிளமெங்கோ வகையில் தொடங்குவது நல்லது. சொலெயா என்ற இன்னொரு வகைக்கு 12 எண்ணிக்கை. அழுத்தம் 3, 6, 8, 10, 12இல் விழும். நம் தாளத்தில் சமத்தை, அதாவது சுற்று தொடங்கும் இடத்தை, தேடிப் பழகிய காது ஒன்றாம் எண்ணில் பலத்தைத் தேடும். அது அங்கே இருக்காது. அடவு பெரும்பாலும் 10இல் முடியும், மிச்சம் இரண்டும் மூச்சு வாங்க. இது பிடிபட எனக்கு ஒரு மாதம் ஆனது. படி ஏறும்போதும் பாத்திரம் கழுவும்போதும் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

காலில் மூன்றை மட்டும் முதலில் பிரித்துப் பழகுங்கள்: முன்பாதம் பிளாந்தா, குதிகால் தக்கோன், முழுப் பாதம் கோல்பே. முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே காலைப் பின்பக்கமாகத் தூக்கி, அதன் எடையிலேயே விழ விடுங்கள். நான் பலம் கொடுத்து உதைத்துக் குதிகாலில் வலியை வரவழைத்துக்கொண்டேன். வேகம் வேண்டாம். ஒவ்வொரு அடியும் தனியாகக் கேட்கிற அளவுக்கு மெதுவாக ஆடுங்கள்.

காலணி எப்போது என்றால், ஓசை சீரான பிறகு. வீட்டில் ஒரு ஒட்டுப்பலகை போட்டு அதன் மேல் ஆடுங்கள். ஆணி தரை ஓடுகளைக் கீறிவிடும், கீழ்வீட்டுக்காரருக்கும் தொல்லை.

கைக்குத் தோள் இறங்கியே இருக்க வேண்டும். விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலும்.

வகுப்பில் சேரும் முன் ஒன்று கேளுங்கள்: பாடகரும் கித்தார்காரரும் நேரில் வரும் நாள் உண்டா? கட்டணம் கூடுதலானாலும் அந்த நாளை விடாதீர்கள். யமாதா என்ற அடியால் ஆடுபவர் பாடகரை அழைக்கிறார். பதிவு செய்த பாட்டு அந்த அழைப்புக்குக் காத்திருக்காது. ஆள் காத்திருப்பார், சில நேரம் தாமதமாகவும் வருவார்.

சரி, முடிந்தால் ஆசிரியை ஆடும் இரவு ஒன்றுக்குப் போய், கால் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். எங்கள் ஆசிரியை பாட்டு எழுந்ததும் காலை அடக்கிக்கொண்டு, கையாலும் நடையாலும் மட்டுமே ஆடினார். வரி முடிந்த பிறகே குதிகால் ஒலித்தது. மறுநாள் வகுப்பில் நான் அதைத்தான் முதலில் செய்து பார்த்தேன்.