காக்கா கூட்டில் குயில் குஞ்சைப் பார்ப்பது எப்படி

குயில் கூடு கட்டாது, காக்கா கூட்டில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நேரில் பார்த்திருக்கிறாயா என்று கேட்டால்தான் சத்தமே வராது. இலைக்குள் ஒளிந்திருக்கிற குயிலைத் தேடிக் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கிறோம், அதனால்தான். குயிலை விடுங்கள், காக்காயைப் பாருங்கள்.

எங்கள் காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பில் கிளிமூக்குக் காய் திரளுகிற ஏப்ரல், மே மாதங்களில், சுள்ளியோ கட்டுக்கம்பித் துண்டோ வாயில் வைத்துக்கொண்டு ஒரு காக்கா திரும்பத் திரும்ப ஒரே புளியமரத்துக்குப் போகிறதா என்று கவனியுங்கள். போனால் அங்கே கூடு இருக்கிறது. மொட்டை மாடியில் கூடு தெரிகிற மாதிரி ஓர் இடம் பிடித்து, காலை ஆறரைக்கெல்லாம் உட்கார்ந்துவிடுங்கள். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் காது போதும்.

பாடுவது ஆண் குயில். உடம்பெல்லாம் மினுமினுக்கும் கறுப்பு, கண் ரத்தச் சிவப்பு. பெண்ணைப் பலர் வேறு ஏதோ பறவை என்றே நினைத்திருப்பார்கள்: பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, வாலில் பட்டை, "கிக் கிக் கிக்" என்று வெடுக்கென்ற குரல். சில சமயம் ஆண் கூட்டுக்குப் பக்கத்தில் வந்து கூவி வம்பிழுக்கும், காக்காய்கள் கரைந்துகொண்டே அதைத் துரத்திப் போகும், அந்த இடைவெளியில் பெண் உள்ளே போய் முட்டையிட்டுவிட்டு வந்துவிடும். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிற வேலை. அதனால் காக்காய்கள் திடீரென்று கூட்டமாகக் கத்தினால் எல்லோரையும் போலச் சத்தம் வருகிற பக்கம் பார்க்காதீர்கள், கூட்டைப் பாருங்கள்.

முட்டையைப் பார்க்க மரம் ஏற வேண்டாம். நான் ஒரு தடவை தொரட்டி நுனியில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கட்டித் தூக்கிப் பார்த்தேன். நாலு முட்டை, பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் பழுப்புப் பொட்டு, அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் சிறிசு. பார்த்தது என்னவோ அரை நிமிடம்தான், ஆனால் அதற்கப்புறம் இரண்டு வாரம் அந்த ஜோடி என் தலையைக் குறிபார்த்தே இறங்கியது. பால் வாங்கப் போவதற்கே ஹெல்மெட் போட்டுக்கொண்டு நடந்தேன், தெருவே சிரித்தது. என்னோடு வந்த பையனை அது சீண்டவே இல்லை!

சரி, இத்தனை ஆளடையாளம் தெரிகிற காக்கா அந்தச் சின்ன முட்டையை ஏன் தூக்கி எறிவதில்லை? தப்பாக எறிந்தால் போவது சொந்த முட்டை. நிறமும் பொட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது சந்தேகப்படுவதைவிட அடைகாத்துவிடுவதே லாபம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காக்காயின் எதிர்ப்பெல்லாம் வாசலோடு சரி, குயிலை விரட்டுவதில் காட்டுகிற வேகத்தை முட்டை உள்ளே வந்தபிறகு காட்டாது. ஆஸ்திரேலியாவில் ஒரு சின்னக் குருவி, லார்ஜ் பில்ட் ஜெரிகோன் என்று பெயர், தன் கூட்டில் பொரிந்த குயில் குஞ்சை அலகால் இழுத்து வெளியே போட்டுவிடும். நம்ம காக்காய்க்கு அந்தக் கல்நெஞ்சு கிடையாது. தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், யார் குஞ்சு என்று பார்க்காமலே பொன் என்கிறது.

குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரியும், காக்கா முட்டைக்கு 16, 17 நாள் ஆகும். முதலில் வந்தவன் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறான். ஐரோப்பியக் குயிலின் குஞ்சு மற்ற முட்டைகளை முதுகில் ஏற்றி வெளியே தள்ளும், நம்மூர்க் குயில் குஞ்சு பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. இரை பங்கில் பின்தங்கிக் காக்கா குஞ்சு செத்துப்போவதும் உண்டு, இரண்டும் சேர்ந்தே வளர்வதும் உண்டு.

உங்களுக்கான நேரம் குஞ்சு கிளைக்கு வந்தபிறகுதான். ஜூன் வாக்கில் காக்கா எதற்காவது ஊட்டுவதைப் பார்த்தால் அலகைக் கவனியுங்கள். தடித்து நீண்டிருந்தால் காக்கா குஞ்சு. குட்டையாக, நுனி லேசாக வளைந்து, வாலும் நீளமாக இருந்தால் குயில். உடம்பில் வெளிறிய புள்ளி இருந்தால் சந்தேகமே வேண்டாம், குயில் குஞ்சுதான்.

காக்கா கூடு எட்டவில்லை என்றால் கேழ்வரகுக் கொல்லை ஓரம் கூட்டமாகத் தத்தித் திரியும் தவிட்டுக்குருவியைத் தொடருங்கள். அதன் முட்டை பளிச்சென்ற நீலம். சுடலைக்குயிலும் அக்காக்குயிலும் அதே நீலத்தில் முட்டையிட்டு அதை ஏமாற்றும். ஒல்லித் தவிட்டுக்குருவி தன்னைவிடப் பெரிய குஞ்சின் வாய்க்குள் தலையை விட்டு ஊட்டுவது காக்கா கூட்டைவிடப் பார்க்க வேடிக்கை.

இறகு முளைத்த குயில் குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் பெட்டியில் போட்டுப் பாலும் சோறும் ஊட்டாதீர்கள். குயிலைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட. பூனை, நாய் எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள், சத்தம் கேட்டு அதே காக்கா ஊட்ட வரும். தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.