'கோவை' என்று தேடினால் கோவை வர வேண்டும்: ஓப்பன் சோர்ஸில் முதல் பேட்ச்

ஓப்பன் சோர்ஸ், அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருளுக்கு முதல் பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்ப, புதியவர்களுக்கென ஒதுக்கிய 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' லேபிளைத் தேடி அலைய வேண்டாம். அங்கே கூட்டம் அதிகம். நீங்கள் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் நம் ஊர்ப் பெயர்களைத் தமிழில் தேடிப் பாருங்கள். கோவை, ஈரோடு, பொள்ளாச்சி, கொடுமுடி, கோபி எல்லாவற்றிலும் ஒகரமோ ஓகாரமோ உண்டு. பிழை பல நேரம் அங்கேதான் கிடக்கும்.

எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் 'கோ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வுடன் ஓகாரக் குறி ஒன்றே, அல்லது ஏகாரக் குறியும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசமே தெரியாது. பைத்தான் நிரல்மொழியில் நீளம் எண்ணும் 'லென்' போட்டால் முதல் 'கோவை' 4, அடுத்தது 5. பில் மென்பொருளில் இரண்டும் பொருந்தாததால், திருப்பூரில் பில் போடுபவர் பழைய பார்ட்டியை (வாடிக்கையாளரை) காணோம் என்று புதிதாகச் சேர்ப்பார். ஒரே கடைக்கு இரண்டு கணக்கு விழும்.

பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடின் 'என்எஃப்சி' வடிவத்துக்கு நார்மலைஸ் செய்தால் (ஒரே சீராக்கினால்) தீரும். ஆனால் தேடும் சொல்லுக்கு மட்டும் செய்தால் போதாது. ஏற்கெனவே சேமித்த பெயர்களையும் மாற்ற வேண்டும். 'கௌசிகா' நதியின் பெயரைச் சிலர் 'கெ'வுக்குப் பின் ள எழுத்தைத் தட்டி எழுதுவார்கள். அதை என்எஃப்சி சேர்க்காது. அது தனி இஷ்யூ (பிழைப் புகார்), இதே பேட்சில் திணிக்காதீர்கள்.

இஷ்யூ எழுதும் முன் மூடிய இஷ்யூக்களிலும் தேடுங்கள். பதிப்பு எண், செய்த படிகள், வந்த விடை மூன்றும் வேண்டும். இரண்டு 'கோவை'யையும் பேக்ஸ்லாஷ்-யு குறியீடாகவே (எழுத்தின் யூனிகோட் எண்ணாக) கொடுங்கள். தமிழ் எழுத்தாக ஒட்டினால், தமிழ் தெரியாத மெயின்டெய்னருக்கு (புராஜெக்டைப் பராமரிப்பவருக்கு) இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

பிறகு பங்களிப்பு விதிகள் உள்ள கான்ட்ரிபியூட்டிங் கோப்பைப் படித்து, ஃபோர்க் (உங்கள் கணக்கில் ஒரு நகல்), கிளோன் (அதைக் கணினிக்கு இறக்குதல்), புது பிராஞ்ச் (தனிக் கிளை). முதன்மைக் கிளையான மெயினிலேயே கமிட் செய்தால் (மாற்றத்தைப் பதிந்தால்), அடுத்த புல் ரிக்வெஸ்ட்டில் (திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையில்) பழைய கமிட்டும் ஒட்டிக்கொண்டு வரும். முதலில், பிழை இருக்கும்வரை தோற்கும் டெஸ்ட் ஒன்றை எழுதுங்கள், அப்புறம் திருத்தம். விண்டோஸில் எடிட்டர் வரி முடிவுகளை மாற்றிவிட்டால் 3 வரித் திருத்தம் முழுக் கோப்பும் மாறியதாகக் காட்டும். கமிட்டுக்கு முன், எந்தக் கோப்பில் எத்தனை வரி மாறியது என்று காட்டும் 'கிட் டிஃப் --ஸ்டாட்' கட்டாயம் பாருங்கள்.

சில புராஜெக்ட்கள் சைன்-ஆஃப் வரி (இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று உங்கள் பெயருடன் ஒரு வரி) கேட்கும்: 'கிட் கமிட் -எஸ்'. மறந்துவிட்டால் 'கிட் கமிட் --அமெண்ட் -எஸ்' கொடுத்து அதே பிராஞ்சுக்கு ஃபோர்ஸ் புஷ் செய்யுங்கள் (பழையதன் மேல் ஏற்றுங்கள்). புது புல் ரிக்வெஸ்ட் திறந்தால் ரிவ்யூ பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். பதில் வரத் தாமதமானால் ஒன்றிரண்டு வாரம் பொறுத்து ஒரு வரி கேளுங்கள். மெயின்டெய்னர்கள் பலரும் வேலை முடிந்த பிறகு சம்பளமில்லாமல் பார்ப்பவர்கள்.